கிளப் மாறிக்கொண்டே இருந்தால் மட்டமான ஸ்ட்ரைக்கரா?

கேள்வி இதுதான்: கால்பந்தில் ஒரு ஸ்ட்ரைக்கர், அதாவது கோல் அடிப்பதையே வேலையாகக் கொண்ட முன்வரிசை ஆட்டக்காரர், ஏழெட்டு கிளப் மாறியிருக்கிறார் என்றால், எங்கேயும் நிலைக்கிற அளவுக்கு அவரிடம் சரக்கு இல்லை என்றுதானே அர்த்தம்? அப்படியானால் ரிக்கி லாம்பர்ட் மாதிரி ஒருவர், கீழ் டிவிஷன்களிலேயே பத்து வருடம் சுற்றிவிட்டு, 31 வயதில் இங்கிலாந்து அணிக்குள் எப்படி வந்தார்?

லாம்பர்ட்டின் கதையைத்தான் பதிலாகச் சொல்லப் போகிறேன். இப்படிப்பட்ட ஆட்டக்காரர்களை நம்மில் பலர் தவறாகவே எடைபோடுகிறோம் என்பது என் எண்ணம்.

முதலில் அந்த வார்த்தை. இவர்களை ஆங்கிலத்தில் ‘ஜர்னிமேன்’ என்பார்கள். ஊர் ஊராகப் பயணம் போகிறவர் என்றுதான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது ‘ஒரு நாள்’ என்ற பொருளுள்ள பிரெஞ்சு வேரிலிருந்து வந்தது. தொழிலைக் கற்று முடித்தவர், ஆனால் சொந்தப் பட்டறை இல்லாமல் நாள்கூலிக்கு வேலை செய்பவர் என்பதே பழைய பொருள். நம் ஊர் கொத்தனாரை நினைத்துக்கொள்ளுங்கள். சுவர் எழுப்பத் தெரியும், பூசத் தெரியும். காண்ட்ராக்ட் மட்டும் வேறொருவர் கையில். கூப்பிட்ட இடத்துக்குப் போவார், வேலை முடிந்தால் அடுத்த இடம். கீழ் டிவிஷன் ஸ்ட்ரைக்கரின் பிழைப்பும் அப்படித்தான். அவருக்குத் தொழில் தெரியாது என்று அந்த வார்த்தையே சொல்லவில்லை.

லாம்பர்ட் 1982 பிப்ரவரி 16 அன்று லிவர்பூலை ஒட்டிய கர்க்பியில் பிறந்தவர். சின்ன வயதிலேயே லிவர்பூல் கிளப்பின் அகாடமிக்குள் போய்விட்டார். அந்த ஊர்ப் பையனுக்கு அதைவிடப் பெரிய கனவு கிடையாது. 15 வயதில் அவரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். வேகம் போதாது. அங்கிருந்து பிளாக்பூல். 1999இல் முதல் அணிக்குக் களமிறங்கினார், லீக்கில் மொத்தமே மூன்று ஆட்டம். 2000இல் அங்கேயும் விடுவித்துவிட்டார்கள்.

18 வயதில் கிளப் இல்லை. மேக்கிள்ஸ்ஃபீல்ட் என்ற சின்ன கிளப்போடு சேர்ந்து பயிற்சி செய்துகொள்ள அனுமதி கிடைத்தது. சம்பளம் கிடையாது. பிழைப்புக்காக பீட்ரூட்டை பாட்டிலில் அடைக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். வினிகரில் ஊறிய பீட்ரூட் பாட்டில்கள் வரிசையாக வரும், ஒவ்வொன்றுக்கும் மூடி போட்டுத் திருக வேண்டும். அதுதான் வேலை. கூலி நாளுக்கு 20 பவுண்ட். ஜர்னிமேன் என்ற சொல்லின் பழைய பொருளை நான் மேலே இழுத்து வந்தது இதற்காகத்தான். அந்தச் சில மாதங்கள் அவர் நாள்கூலிக்காரராகவே இருந்தார்.

2001இல் மேக்கிள்ஸ்ஃபீல்ட் ஒப்பந்தம் கொடுத்தது. இங்கிலாந்தில் தொழில்முறை லீக் நான்கு அடுக்கு. மேலே 20 அணி, அதன் கீழே மூன்று டிவிஷன்களில் தலா 24, மொத்தம் 92 கிளப். மேக்கிள்ஸ்ஃபீல்ட் அப்போது நான்காம் அடுக்கு. ஒரு வருடம் நன்றாக ஆடினார். 2002 ஏப்ரலில் ஸ்டாக்போர்ட் கவுன்டி 3 லட்சம் பவுண்ட் கொடுத்து வாங்கியது. மேக்கிள்ஸ்ஃபீல்ட் மாதிரி கிளப்புக்கு அது பெரிய தொகை. ஸ்டாக்போர்ட்டில் மூன்று சீசனுக்கு நெருக்கமாக இருந்தும் லீக்கில் 98 ஆட்டத்தில் 18 கோல்தான். மோசமான கணக்கு என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லலாம். ஆனால் அப்போது அவரை நடுக்களத்திலும் நிறுத்தினார்கள், முன்னாலும் நிறுத்தினார்கள். அணியோ கடைசி இடத்தை நோக்கிச் சரிந்துகொண்டிருந்தது. பந்தே வராத இடத்தில் நிற்கிற ஸ்ட்ரைக்கர் எதை அடிப்பார்?

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. கோல்கீப்பரையோ, நடுவில் நின்று தடுக்கிற சென்டர் பேக்கையோ அவர் செய்கிற காரியத்தை வைத்தே ஓரளவு மதிப்பிடலாம். ஸ்ட்ரைக்கரை அப்படி மதிப்பிடுவது கடினம். அவர் கோல் அடிக்க ஓரத்திலிருந்து ஒருவர் பந்தை உள்ளே போட வேண்டும், பின்னாலிருந்து வரும் பந்து அவர் காலுக்கு வர வேண்டும், மேனேஜர் அவரைச் சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் பழி கோல் எண்ணிக்கையில் விழும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் அடுத்த ஒப்பந்தம்.

ஒப்பந்தம் என்றதும் பெரிய கிளப்களின் ஐந்து வருடக் கையெழுத்து நினைவுக்கு வரும். கீழ் டிவிஷன்களில் ஒரு வருடம், இரண்டு வருடம்தான் வழக்கம். சீசன் முடிந்ததும் யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுவிக்கிறோம் என்று கிளப் ஒரு பட்டியல் வெளியிடும். அதில் உங்கள் பெயர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் அடுத்த வருடச் சாப்பாடு. ஐரோப்பிய நீதிமன்றத்தின் 1995 பாஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர், பழைய கிளப்புக்கு யாரும் பணம் கொடுக்காமலே வேறு கிளப்புக்குப் போகலாம் என்று ஆனது. நட்சத்திரங்களுக்கு அது பேரம் பேசும் பலத்தைக் கொடுத்தது. கீழே இருப்பவர்களை விடுவிப்பதும் அதே அளவு சுலபமாகிவிட்டது. மேனேஜர் மாறினால் புதியவர் தனக்குத் தெரிந்த ஆளைக் கூட்டிவருவார். அணி கீழே இறங்கினால் சம்பளப் பட்டியலைக் குறைப்பார்கள். ஒருவர் ஏழெட்டு கிளப் மாறியிருந்தால், அதில் பாதி மாற்றத்துக்கு அவருடைய காலோ தலையோ காரணமாக இருக்காது.

சரி, லாம்பர்ட்டுக்கு வருவோம். 2005 தொடக்கத்தில் ஒரு படி கீழே இறங்கி ரோச்டேல் போனார். 23 வயது, மறுபடியும் நான்காம் அடுக்கு. அங்கே அவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்ட்ரைக்கர் இருந்தார்: கிரான்ட் ஹோல்ட். அவரும் இதே ஜாதகம்தான். டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்திருக்கிறார். சிங்கப்பூர் லீக்கில் செங்காங் மரீன் என்ற கிளப்புக்குப் போய் ஆடிவிட்டு வந்தவர். இந்த இருவரும் ரோச்டேலின் முன்வரிசையில் சேர்ந்து ஆடியதைப் பார்த்தவர்கள் அன்று எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! 2005-06 சீசனில் லாம்பர்ட் லீக்கில் 22 கோல் அடித்தார். ஹோல்ட் அந்த சீசனின் நடுவிலேயே நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் போய்விட்டார். பின்னால் 2011-12இல் ஹோல்ட் முதல் அடுக்கான பிரீமியர் லீக்கில் நாரிச்சுக்காக 15 கோல் அடித்தார். அடுத்த சீசனில் லாம்பர்ட் சவுத்தாம்ப்டனுக்காக அதே 15. நான்காம் அடுக்கில் ஒரே அணியில் நின்ற இரண்டு பேரையும் மேலே இருந்த எந்தக் கிளப்பும் நேராக வந்து தூக்கிக்கொண்டு போகவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

2006 ஆகஸ்ட் கடைசியில் பிரிஸ்டல் ரோவர்ஸ் 2 லட்சம் பவுண்டுக்கு லாம்பர்ட்டை வாங்கியது. அந்த சீசனிலேயே அணி மூன்றாம் அடுக்குக்கு ஏறியது. லீக்கில் அவருடைய கணக்கு முதல் சீசனில் 8, அடுத்ததில் 14, அதற்கடுத்ததில் 29. 2008-09இல் அந்த 29 கோலுக்கு லீக் ஒன் என்கிற அந்த மூன்றாம் அடுக்கில் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை ஸ்விண்டனின் சைமன் காக்ஸுடன் பகிர்ந்துகொண்டார். எட்டிலிருந்து இருபத்தொன்பதுக்குப் போக மூன்று வருடம், ஒரே ஊர், ஒரே ஆட்டமுறை. நான் அதிகம் நம்புவது இந்த மூன்று எண்களைத்தான்.

அந்த ஊரில் அவர் அடித்த ஒரு ஃப்ரீ கிக் இன்னொரு கதவைத் திறந்ததோ என்று எனக்குத் தோன்றும். 2008 பிப்ரவரி, எல்லா அடுக்குக் கிளப்களும் மோதுகிற எஃப்.ஏ. கோப்பையின் ஐந்தாம் சுற்று, பிரிஸ்டல் ரோவர்ஸின் சொந்த மைதானம். ஆட்டம் முடிய சில நிமிடங்கள் இருக்கும்போது லாம்பர்ட் அடித்த ஃப்ரீ கிக் தடுப்புச் சுவரில் பட்டுத் திரும்பி உள்ளே போனது. 1-0. தோற்ற அணி எது தெரியுமா? சவுத்தாம்ப்டன். பதினெட்டு மாதம் கழித்து அதே சவுத்தாம்ப்டன் சுமார் 10 லட்சம் பவுண்ட் கொடுத்து அவரை வாங்கியது.

2009 ஆகஸ்டில் சவுத்தாம்ப்டன் இருந்த நிலையைச் சொல்ல வேண்டும். கடனில் மூழ்கி, திவால் நிர்வாகிகள் கையில் போய், மூன்றாம் அடுக்குக்கு இறங்கி, தண்டனையாகப் பத்துப் புள்ளி கழிக்கப்பட்டு சீசனைத் தொடங்கிய கிளப். மார்க்குஸ் லீப்ஹெர் என்ற தொழிலதிபர் வாங்கிக் காப்பாற்றியிருந்தார். மேனேஜர் ஆலன் பார்டியூ. லாம்பர்ட்டைப் பார்த்ததும் அவர் சொன்ன விஷயம் உடம்பைப் பற்றியது: எடையைக் குறை, இதைவிட மேலே ஆடக்கூடிய ஆள் நீ. அதுவரை தன் உடம்பை ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டிய விதத்தில் தான் பார்த்துக்கொள்ளவில்லை என்று லாம்பர்ட்டே பிறகு வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். பத்து வருடம் கீழே இருந்ததற்கு எல்லாப் பழியையும் மேனேஜர்கள் மீதும் ஒப்பந்தங்கள் மீதும் போட்டுவிட முடியாது. 27 வயதில் ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார், இவரும் கேட்டுக்கொண்டார்.

முதல் சீசனில் எல்லாப் போட்டிகளும் சேர்த்து 36 கோல். வெம்பிளியில் நடந்த கீழ் டிவிஷன் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் கார்லைலை 4-1 என்று வென்றார்கள். பெனால்டியில் முதல் கோலை அடித்தவர் லாம்பர்ட். அப்புறம் 2011இல் ஒரு படி ஏற்றம், 2012இல் இன்னொரு படி. அந்த இரண்டாவது ஏற்றத்தின்போது அவர் 27 கோல் அடித்து இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப் டிவிஷனில் அதிக கோல் அடித்தவர் ஆனார்.

அவருடைய ஆட்டத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஆறடி இரண்டு அங்குலம், கனத்த உடம்பு. பார்க்கிறவர்கள் ‘உயரமான ஆள், பந்தைத் தூக்கிப் போட்டால் தலையால் முட்டுவார்’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். அவருடைய உண்மையான சொத்து கால்தான். கோலுக்கு முதுகு காட்டி நிற்பார். பின்னால் டிஃபெண்டர் ஒட்டிக்கொண்டிருப்பார். வேகமாக வரும் பந்தை ஒரே தொடுதலில் காலடியில் படுக்க வைப்பார். அடுத்த தொடுதலில் பந்து ஓரத்தில் ஓடுகிற சக ஆட்டக்காரர் லல்லானாவுக்குப் போயிருக்கும். பந்தைத் தேடி அவர் பின்னால் இறங்கி வரும்போது எதிரணி சென்டர் பேக்குக்குச் சங்கடம்: கூடவே போனால் பின்னால் இடம் காலியாகும், போகாவிட்டால் அவர் நிதானமாகத் திரும்பிவிடுவார். வேகம் இல்லாதவர் வேகமானவர்களுக்காக இடம் உண்டாக்கிக் கொடுத்தார். இதெல்லாம் 15 வயதுப் பையனை ஓடவிட்டு நேரம் பார்க்கிறவர்களின் கண்ணில் படவே படாது.

பெனால்டி தனிக் கதை. பொதுவாக நான்கு பெனால்டிக்கு மூன்றுதான் உள்ளே போகும். சவுத்தாம்ப்டனுக்காக லாம்பர்ட் 34 பெனால்டி அடித்தார். முப்பத்து நான்குமே கோல். மூன்றாம் அடுக்கிலும் அடித்தார், பிரீமியர் லீக்கிலும் அடித்தார். எந்த மைதானமானாலும் பெனால்டிப் புள்ளியிலிருந்து கோல் கோடு 12 கஜம்தான். அந்த இடத்தில் டிவிஷன் வித்தியாசம் கிடையாது. ‘கீழ் டிவிஷன் திறமை’, ‘மேல் டிவிஷன் திறமை’ என்று பிரித்துப் பேசுகிறவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது இந்த 34ஐத்தான்.

2012 ஆகஸ்ட் 19, முதல் பிரீமியர் லீக் ஆட்டம். எதிரணி நடப்புச் சாம்பியன் மான்செஸ்டர் சிட்டி, அதுவும் அவர்கள் மைதானத்தில். லாம்பர்ட்டுக்கு 30 வயது. பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு இரண்டாம் பாதியில் இறங்கினார், சில நிமிடங்களில் கோல் அடித்தார். ஆட்டம் 3-2 என்று தோல்வி. ஆனாலும் அந்த சீசன் முடிவில் அவர் பெயரில் 15 கோல். அந்த வருடம் பிரீமியர் லீக்கில் இங்கிலாந்துக்காரர்களில் அவரைவிட அதிகம் அடித்தவர் யாரும் இல்லை.

அடுத்த ஆகஸ்டில் அப்போதைய இங்கிலாந்து மேனேஜர் ராய் ஹாட்ஜ்சன் அவரைத் தேசிய அணிக்கு அழைத்தார். அழைப்பு வந்த அதே நாளில் அவருக்கு மகள் பிறந்தாள். 2013 ஆகஸ்ட் 14, வெம்பிளி, ஸ்காட்லாந்துக்கு எதிரான ஆட்டம். நம் நேரப்படி நள்ளிரவு தாண்டி, சுதந்திர தினம் பிறந்திருந்தது. ஸ்கோர் 2-2. வெய்ன் ரூனி வெளியே வருகிறார், லாம்பர்ட் உள்ளே போகிறார். மூன்று நிமிடம் ஆகியிருக்காது. லெய்ட்டன் பெய்ன்ஸ் கார்னர் அடிக்கிறார். கூட்டத்துக்கு மேலே எழும்பி ஒரே முட்டு. கோல். இங்கிலாந்துக்காக அவர் பந்தைத் தொட்டது அதுதான் முதல் தடவை. கைகளை விரித்துக்கொண்டு ஓடிய அந்த முகத்தை இப்போது பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். ஆட்டம் 3-2. அடுத்த மாதம் மால்டோவாவுக்கு எதிராகவும் ஒரு கோல். மொத்தம் 11 ஆட்டம், 3 கோல். 2014 பிரேசில் உலகக் கோப்பையில் உருகுவேக்கு எதிராகக் கடைசி சில நிமிடங்கள் ஆடினார்.

இப்போது ரோச்டேலில் நினைவில் வைக்கச் சொன்னதற்கு வருகிறேன். லாம்பர்ட் மேலே போனது எப்படி? மூன்றாம் அடுக்கில் இருந்த ஒரு கிளப் அவரை வாங்கியது. அந்தக் கிளப்பே மேலே ஏறியது, அதோடு அவரும் ஏறினார். ஹோல்ட்டும் அப்படியே. 2009இல் மூன்றாம் அடுக்கு நாரிச்சில் சேர்ந்தார், அடுத்தடுத்து இரண்டு வருடம் ஏறி 2011இல் பிரீமியர் லீக் வந்துவிட்டார். பெரிய கிளப் எதுவும் 28 வயது கீழ் டிவிஷன் ஸ்ட்ரைக்கருக்கு வலை வீசாது. வாங்கிவிட்டு விற்க முடியாது, மூன்று வருடத்தில் வயதாகிவிடும் என்று கணக்குப் போடும். அந்த வயதில் மேலே போக அவருக்கு இருக்கிற நம்பகமான வழி, ஏறப்போகிற படகில் முன்கூட்டியே உட்கார்ந்திருப்பது. இறங்குவதும் ஏறுவதும் உள்ள லீக் அமைப்பு இல்லையென்றால் இந்த இரண்டு பெயரையும் நாம் கேள்விப்பட்டிருக்கவே மாட்டோம்.

வேறு வகை ஜர்னிமேனும் உண்டு. உருகுவேயின் செபாஸ்டியன் அப்ரேயு, அதிக கிளப்களுக்கு ஆடியதற்காகக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தவர். சிலி நாட்டின் ஆடாக்ஸ் இத்தாலியானோ அவருடைய 26ஆவது கிளப், அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. 2010 உலகக் கோப்பை காலிறுதியில் கானாவுக்கு எதிராகப் பெனால்டி சுற்றின் கடைசி அடியை நடுவில் மெல்லத் தூக்கிப் போட்டு உருகுவேயை அரையிறுதிக்கு அனுப்பினாரே, அவர்தான். அவரைக் கிளப்கள் விடுவித்துக்கொண்டே இருந்ததாக நான் பார்க்கவில்லை. கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், அவரும் போய்க்கொண்டே இருந்தார். கிளப் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இந்த இரண்டு வகையையும் பிரிக்க முடியாது.

லாம்பர்ட்டின் கதையில் கடைசிப் பகுதிதான் மனதைப் பிசைவது. 2014 ஜூனில், உலகக் கோப்பைக்கு முன், லிவர்பூல் அவரைச் சுமார் 40 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. 15 வயதில் வெளியே அனுப்பிய அதே கிளப், 32 வயதில் திரும்பக் கூப்பிட்டது. முன்னணி ஸ்ட்ரைக்கர்களான சுவாரெஸுக்கும் ஸ்டரிட்ஜுக்கும் பின்னால் மாற்று ஆளாகத்தான். ஆனால் சுவாரெஸ் ஜூலையில் பார்சிலோனா போய்விட்டார், ஸ்டரிட்ஜுக்கு அடுத்தடுத்துக் காயம், ஆகஸ்டில் பலோட்டெல்லி என்ற இன்னொரு ஸ்ட்ரைக்கர் வந்தார். முந்தைய சீசனில் ஓடி ஓடி எதிரணியைத் திணறடித்த அந்த அணி கலைந்துபோயிருந்தது. லீக்கில் லாம்பர்ட் முதல் பதினொன்றில் இறங்கியது ஏழே முறை. மொத்தம் 36 ஆட்டம், 3 கோல். நவம்பரில் கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக ஆரம்பத்திலேயே ஒன்று அடித்தார், ஆட்டம் தோல்வி. மூன்று நாள் கழித்து சாம்பியன்ஸ் லீக்கில் பல்கேரியாவின் லுடோகோரெட்ஸுக்கு எதிராக ஒன்று. ஜனவரியில் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக ஒன்று.

பிறகு வெஸ்ட் பிராம், அங்கே ஒரு சீசனில் ஒரே கோல். பிறகு கார்டிஃப். 2017 அக்டோபரில், 35 வயதில், ஓய்வு அறிவித்தார்.

‘லிவர்பூலில் சோபிக்கவில்லையே, அப்படியானால் உண்மையான தரம் அதுதானே’ என்று நீங்கள் அடுத்துக் கேட்கலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. சவுத்தாம்ப்டனில் ஆட்டமே அவரைச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. லிவர்பூலில் அவர் வேறொருவருடைய இடத்தை இருபது நிமிடம் நிரப்ப வேண்டியிருந்தது. ஸ்டாக்போர்ட்டில் 22 வயதில் நடந்ததும் ஏறக்குறைய இதேதான்.

மொத்தம் ஒன்பது கிளப். பிளாக்பூல், மேக்கிள்ஸ்ஃபீல்ட், ஸ்டாக்போர்ட், ரோச்டேல், பிரிஸ்டல் ரோவர்ஸ், சவுத்தாம்ப்டன், லிவர்பூல், வெஸ்ட் பிராம், கார்டிஃப். கிளப்களுக்காக அவர் அடித்த கோல்களில் ஏறக்குறைய பாதி ஒரே கிளப்புக்காக, ஐந்தே சீசனில் வந்தவை: சவுத்தாம்ப்டனுக்காக 235 ஆட்டத்தில் 117.